கருமாதி அரிசி

ரப்பர் தோட்ட அலுவலகத்தின் படிக்கு நேர் எதிரே இரண்டு பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். ஒருவன் சீனன், மற்றவன் தமிழன் என்று சொன்னார்கள். முகங்களைக் கொண்டு அதை உறுதிசெய்ய வழியிருக்கவில்லை. பால்வெட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் அவற்றைப் பார்த்துவிட்டே போகவேண்டும் என்பது உத்தரவு. பார்த்தார்கள், போனார்கள். இரண்டு உடல்களுக்கும் நடுவில், தோட்டத்து முத்திரை குத்திய துணிப்பை ஒன்று வாய் பிளந்து கிடந்தது. அதிலிருந்து சிந்திய அரிசியில் பாதி சிவந்திருந்தது. மீதிப் பாதிக்குத் தொழிலாளர் லயத்துக் கோழிகள் வந்தன. அவற்றை விரட்டுவதற்கென்றே ஒரு காவலர் நிறுத்தப்பட்டிருந்தார்.

லாரியிலிருந்து இறங்கிய தங்கையா முதலில் கண்டது இந்தக் காவலரின் வேலையைத்தான். பிணங்களைப் பிறகுதான் கண்டார்.

மலாக்கா ஆற்றோரத்திலிருந்த ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் அவர் மூத்த எழுத்தர். பார்க்காததை எழுதுவதில்லை, எழுதியதை மாற்றுவதில்லை என்று பெயரெடுத்தவர். ரெம்பியாவில் ஒரு ரப்பர் வியாபாரி இவருடைய வீட்டுக்குக் கையூட்டாக அனுப்பிவைத்த சுவர்க்கடிகாரத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பி அனுப்பியவர். அந்த வியாபாரி பின்னர் அவரை ‘மனிதனே அல்ல’ என்று சொன்னதாகக் கேள்விப்பட்டு, அதையும் மறுக்காமல் விட்டுவிட்டவர்.

அது 1952ஆம் ஆண்டு மாசி மாதம். பெம்பான் சாலையின் ஏழாவது மைலான ஏழாங்கட்டையிலிருந்த அந்தத் தோட்டத்தின் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அவசரகாலச் சட்டம் அரிசியையும் ஆயுதங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது என்றே சொல்லலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத்துக்கொருமுறை தலைக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவன் ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காட்டிலிருந்து பிரிட்டிஷாரோடு போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தவருக்குத் தூக்குவரை உண்டு என்று தோட்டங்களில் பேச்சு.

இரண்டு வாரங்களுக்கு முன் காட்டிலிருந்து வந்தவர்கள் கங்காணி இருளாண்டியைப் பால்மரத்தோடு சேர்த்துக் கட்டி, பால்வெட்டும் கத்தியாலேயே கழுத்தைக் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். போலீசுக்குத் தகவல் சொன்னான் என்பது குற்றச்சாட்டு. சொன்னானா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. இப்போது பட்டாளத்துக்காரர்கள் சதுப்பு நிலத்தோரத்தில் இரண்டு பேரைச் சுட்டு, அவர்களிடமிருந்து இந்தப் பையை எடுத்திருந்தார்கள். தோட்டத்து அரிசி காட்டுக்குப் போனது எப்படி என்று கம்பெனி கேட்டது. மாலைக்குள் தங்கையா தம் கையெழுத்திட்ட தாளில் பதில் சொல்லவேண்டும்.

“ரத்தம் பழக்கமில்லபோல,” என்றார் இன்ஸ்பெக்டர் சேகரன். “போகப்போகச் சரியாயிடும்லா. எனக்கும் மொதல்ல சோறு எறங்கல.”

“இப்ப எறங்குதா?”

“இப்ப விரதம். மாசி மகத்துக்குச் சன்னாசிமலையில காவடி தூக்குறேன். ஒருவேளதான் சாப்பாடு.”

காக்கிச் சட்டையின்மேல் அவர் உருத்திராட்ச மாலை அணிந்திருந்தார். நெற்றியில் திருநீறு புத்தம்புதிதாக இருந்தது. கையில் பிரம்பு.

“எனக்கு வேண்டியது ஒரு பேரு, மிஸ்டர் தங்கையா. ஒரே ஒரு பேரு. ஒங்க கணக்குக்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.”

“கணக்குல இருக்கறத எழுதுவேன்.”

“அதத்தானே நானும் கேக்குறேன்.”

தங்கையா முதலில் அரிசி ஸ்டோருக்குப் போனார். அங்கே நிறுத்துக் கொடுப்பவன் மருதமுத்து. செத்துப்போன இருளாண்டியின் மைத்துனன். முப்பது வயதிருக்கும். ஒவ்வொரு மூட்டையையும் தராசில் ஏற்றும்போது அதற்கு ஏதாவது ஒரு வசவு வைத்திருந்தான்.

“ஏறு மூதேவி. துரை பொண்டாட்டி கணக்கா மசமசன்னு நிக்காத.” பிறகு தங்கையாவைப் பார்த்து, “தப்பா நெனச்சுக்காதீங்க சார். திட்டினாத்தான் எடை சரியாக் காட்டும்,” என்றான்.

தங்கையா ஒவ்வொரு மூட்டையின் வாயையும் அவிழ்த்து, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். மேலே அரிசியும் அடியில் தவிடுமாக இருந்த மூட்டைகளை அவர் தம் பணிக்காலத்தில் பலமுறை சந்தித்திருந்தார். இங்கே மேலிருந்து கீழ்வரை அரிசிதான்.

“எங்க மாமனக் கொன்னவன் பையில எங்க தோட்டத்து அரிசி,” என்றான் மருதமுத்து. “அளக்குறவன் நானு. மொதல்ல எம்பேருதான் வரும்னு தெரியும் சார்.”

“அளவு சரியா இருந்தா ஒங்க பேரு வராது.”

“சரியாத்தான் இருக்கும். இவன் நகைக்கடையில இருக்கவேண்டிய பயன்னு மாமன் சொல்லுவாரு. ஒரு மணி கூடப் போடமாட்டேன்னு வயித்தெரிச்சல்ல சொல்றது.”

அளவு சரியாகத்தான் இருந்தது. வந்த அரிசியிலிருந்து கொடுத்த அரிசியைக் கழித்தால், இருக்கவேண்டியது அப்படியே இருந்தது. ஆகவே பையிலிருந்த அரிசி முறைப்படி நிறுத்து, முறைப்படி கைரேகை வாங்கிக்கொண்டு வெளியே போன அரிசி. யாரோ ஒருவர் வீட்டில் தேவைக்கு மேல் இருந்திருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பசிக்குக் கீழே அளந்து கொடுக்கும் தோட்டத்தில் அது எந்த வீடு என்பதே கேள்வி.

தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அப்புசாமி சுருட்டை அணைத்துவிட்டு, அரிசிப் பேரேட்டையும் ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோலையும் மேசைமேல் வைத்தார். பருத்த மனிதர். தோட்டத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் மாறியும் அவர் மாறவில்லை. தங்கையா இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துப் பெயர்களை ஒத்துப்பார்த்தார். வேலைக்கு வராத ஒரு பெயர், அரிசி வாங்கிக்கொண்டிருந்தது.

“இருளாண்டி,” என்றார். “இவரு செத்துட்டாருல்ல?”

“ஆமா சார்.”

“செத்த பெறகு ரெண்டு வாரம் அரிசி வாங்கியிருக்காரு.”

“பேரு இன்னும் வெட்டல.” அப்புசாமி குரலைத் தாழ்த்தினார். “இங்க செத்தவன் பேர கருமாதிவரைக்கும் வெட்டமாட்டோம். எனக்கு முன்னால இருந்த கிராணி காலத்துலருந்து அப்படித்தான். அந்த அரிசி சாப்பிடறதுக்கு இல்ல சார். புதுச் சட்டியில போட்டு, மஞ்சத் துணியால வாயக் கட்டி, வெளக்குக்குப் பக்கத்துல வெச்சிருவாங்க. கருமாதியன்னிக்கு அவுத்துப் பொங்கி ஊருக்குப் போடறது. இல்லாட்டி இந்த அளவு அரிசியில எவன் கருமாதி செய்யறது?”

“துரைக்குத் தெரியுமா?”

“துரைக்குக் கருமாதியே தெரியாது.”

தங்கையா பென்சிலைக் கூர்தீட்டினார். அப்புசாமி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த ரெண்டு வாரத்துக்கும் எலி தின்னது, ஈரம் பட்டதுன்னு போடுங்க. எந்தத் தோட்டத்துலதான் எலி இல்ல?”

“நான் எலியப் பாக்கல.”

“பாக்கறது பெரிய காரியமா? சாயங்காலம்வரைக்கும் இருந்தா காட்டுறேன்.”

“நடந்தத எழுதறேன். அரிசி போனதையும் எழுதறேன், ஏன் போச்சுங்கறதையும் கீழ வெளக்கமா எழுதறேன். இன்ஸ்பெக்டரும் தமிழருதானே. கருமாதின்னா என்னன்னு அவருக்குச் சொல்லவேண்டியதில்ல.”

“தெரிஞ்சவன்தான் சார் மோசம்,” என்றார் அப்புசாமி.

தங்கையா எழுதினார். மேலே எண், கீழே அதைவிட நீளமான விளக்கம், வேறெந்த வீட்டிலும் மிச்சமில்லை என்ற குறிப்பு. உண்மையை முழுமையாகச் சொல்லிவிட்டால் அது எவரையும் கொல்லாது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைச் சோதித்துப்பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

சேகரன் தாளை நின்றபடியே படித்தார்.

“செத்தவன் ரெண்டு வாரமா அரிசி வாங்கியிருக்கான்.”

“கீழயும் படிங்க.”

“படிச்சேன்லா.” தாளை மடித்துப் பையில் வைத்தார். “செத்தவன் பேருல வாங்குனது பொண்டாட்டி. போட்டுக் கொடுத்தவன் மச்சான். குடும்பமாத்தான் நடத்தியிருக்காங்க.”

மருதமுத்துவை ஸ்டோரிலிருந்து இழுத்துவந்தார்கள். துப்பாக்கிக் கட்டை அவன் வயிற்றில் இறங்கியது. மடிந்து விழுந்தவனைப் பிணங்களுக்கு அருகில் கொண்டுபோய் மண்டியிட வைத்தார்கள். கோழிகளை விரட்டிக்கொண்டிருந்த காவலர் இடம்விட்டு ஒதுங்கி நின்றார். சேகரன் பிரம்பால் அவன் முதுகில் அடித்தார், கேள்வி கேட்கும் முன்பே அடித்தார், பிறகு கேட்டார், கேட்டபிறகும் அடித்தார்.

“யாருக்குடா போட்ட?”

“அக்காவுக்குங்கய்யா. கருமாதிக்கு.”

“ஒங்க மாமனக் கொன்னவனுக்கே சோறு போட்டியா?”

“இல்லீங்கய்யா.”

“வெக்கமா இல்ல?”

கேள்வியோடு மேலும் மூன்று அடி விழுந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அடுத்த அடியில் பிய்ந்துவந்தது.

தங்கையா முன்னால் வந்தார். “அந்த அரிசி இன்னும் சட்டியிலதான் இருக்கும். கருமாதி ஆகறதுக்கு முன்னால அதை யாரும் தொடமாட்டாங்க. போய் நிறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். சட்டியில இருந்தா பையில இருக்கற அரிசி அது இல்ல.”

சேகரன் பிரம்பைத் தாழ்த்தினார். கணக்காய்வாளரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

“நல்ல யோசன.”

“சட்டிய இங்க கொண்டாரச் சொல்லட்டுமா?” என்று ஒரு காவலர் கேட்டார்.

“வேணாம். சாவு வீட்டுச் சட்டி எம்முன்னால வரக்கூடாது. மால போட்டிருக்கேன். வீட்டுக்குள்ளயும் நான் கால் வைக்கமுடியாது, தீட்டு.” தங்கையாவிடம் திரும்பினார். “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. செத்தவன் பேர எழுதிக் கொடுத்ததே நீங்கதான். ஒங்க கண்ணு எனக்குப் போதும்.”

தூக்குத் தராசை எடுத்துக்கொண்டு தங்கையா லயத்துக்குப் போனார். துணைக்கு அனுப்பப்பட்ட காவலர், பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஒரே அறை. மூலையில் விளக்கு எரிந்தது. அதன் அருகில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய சட்டி. சுவரோரத்தில் இருளாண்டியின் மனைவி ராஜம்மா உட்கார்ந்திருந்தாள். தம்பியை அடிக்கும் சத்தம் அங்குவரை கேட்டிருக்கவேண்டும். அவள் எழவில்லை; அழவும் இல்லை. தங்கையாவின் கைகளை மட்டும் பார்த்தாள்.

அவர் துணியை அவிழ்த்தார். மேலே வெள்ளையாக அரிசி தெரிந்தது. வாசலில் நின்ற காவலர் எட்டிப்பார்த்துத் தலையசைத்தார். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் தங்கையாவின் கை பழக்கப்படி உள்ளே இறங்கியது. ஒரு விரற்கடைக்குக் கீழே அரிசி முடிந்து மணல் தொடங்கியது. அடிவரை மணல்.

அவர் காவலருக்கு முதுகு காட்டியபடி ராஜம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“வேலியோரம் வந்தானுங்க,” என்றாள் அவள், உதடு அசையாமல். “துப்பாக்கிய நீட்டினானுங்க. அரிசி இல்லாட்டி அடுத்த மரம் ஒந்தம்பிக்குன்னானுங்க. புருசன எரிச்சு ரெண்டு வாரங்கூட ஆகல. நான் என்ன செய்யட்டும்?”

தங்கையா கையை வெளியே எடுத்தார். நகக்கண்களில் மணல் இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு துணியை முன்பிருந்தபடியே கட்டினார். முன்பைவிட இறுக்கமாகவே கட்டினார். சட்டியைத் தூக்குத் தராசில் மாட்டினார். சட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தால், இரண்டு வார அரிசிக்கு அது அநேகமாகப் பொருந்தியது. தூக்கிப் பார்க்கும் உறவினர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று ராஜம்மா கவனமாகத்தான் நிரப்பியிருந்தாள். அவர் சொல்லப்போகும் எண்ணில் பொய் இல்லை. அது எதனுடைய எடை என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து, “சரியா இருக்கு,” என்றார். எடையையும் சொன்னார்.

சேகரன் தலையாட்டினார். மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தார். அவர் முட்டாள் அல்லர் என்பதைத் தங்கையா அந்த இடைவெளியில் உணர்ந்தார்.

“அப்ப பையில இருக்கறது இருளாண்டி அரிசி இல்ல.”

“இல்ல.”

“வேற எந்த வீட்டுலயும் மிச்சம் கெடையாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“அப்ப அளந்து கொடுத்த அரிசி எதுவும் காட்டுக்குப் போகல. அளக்காம போன அரிசிதான் போயிருக்கு. தராசுல வெளையாடி, ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு பிடி கொறச்சு, சேத்துவெச்சு அனுப்பியிருக்கான். அளக்குறவன் யாரு?”

கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் முன்கூட்டியே கண்டிருக்கவேண்டிய விடை அது. ஓரிடத்தில் குறையை மூடினால் அது வேறோர் இடத்தில் போய்த் திறக்கும் என்பதை இருபது ஆண்டுகளாகப் பிறருடைய ஏடுகளில் சுட்டிக்காட்டியவர் அவர். இப்போது திறந்த இடம் மருதமுத்து.

“ஸ்டோர் சரியா இருந்துச்சு,” என்றார் தங்கையா. “நானே நிறுத்தேன்.”

“அவன் தராசுலதானே நிறுத்தீங்க?”

தராசை வெளியே தூக்கிவந்தார்கள். மருதமுத்துவின் வலக்கையை இழுத்து அதன் இரும்புத் தட்டின்மேல் விரித்துவைத்தார்கள். ஒரு காவலர் மணிக்கட்டை மிதித்துக்கொண்டார்.

“எந்தக் கையிலடா நிறுப்ப?”

“அய்யா, வேணாங்கய்யா. நா ஒரு மணிகூட...”

துப்பாக்கிக் கட்டை செங்குத்தாக இறங்கியது. இரும்பின்மேல் எலும்பு நொறுங்கும் சத்தம் சுள்ளி முறிவதைப்போல இல்லை, ஈரமாக இருந்தது. மருதமுத்து கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து நின்றது. கத்தல் சற்றுத் தாமதித்து வந்தது.

“நிறுத்துங்க,” என்றார் தங்கையா.

“ஏன்?”

காரணம் அவரிடம் இருந்தது. அதைச் சொன்னால் அக்காள் போவாள். சொல்லாவிட்டால் தம்பி. சேகரன் நியாயமான அளவு காத்திருந்துவிட்டுச் சைகை காட்டினார். கட்டை மறுபடியும் இறங்கியது. இம்முறை விரல்களின்மேல். இரண்டு விரல்கள் தட்டின் விளிம்புக்கு வெளியே, தோலில் தொங்கின.

ராஜம்மா சட்டியோடு வந்தாள்.

எவரும் அவளைத் தடுக்கவில்லை; விதவை ஒருத்தி தலைவிரிகோலமாகக் கருமாதிச் சட்டியைச் சுமந்து வருவாளென்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சேகரனின் பூட்ஸுக்கு முன்னால் அதைக் கவிழ்த்தாள். அரிசி கொஞ்சமாகவும் மணல் நிறையவும் கொட்டின. சேகரன் பின்னுக்கு நகர்ந்தார். முதலில் அவருடைய கை மாலையைத்தான் பிடித்தது.

“அரிசி இல்ல. எல்லாம் மண்ணு,” என்றாள். “எம்புருசனக் கொன்னவனுக்கு எம்புருசன் கருமாதி அரிசியப் போட்டேன். வேலியோரம் துப்பாக்கியோட வந்தான். தம்பியக் கொல்லுவேன்னான், போட்டேன். இப்ப நீங்க அவனக் கொல்லுறீங்க. ஆளாளுக்கு அவனயே கேட்டா நான் எத்தன சட்டி கவுக்கறது?”

மருதமுத்துவை விட்டார்கள். அவன் தட்டிலிருந்து கையை மற்றக் கையால் எடுத்துக்கொண்டு, பிறருடைய பொருளைச் சுமப்பவனைப்போலப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான்.

சேகரன் தங்கையாவிடம் வந்தார். குரல் உயரவில்லை.

“சட்டிக்குள்ள கைய விட்டீங்களா?”

“விட்டேன்.”

“மண்ணு தட்டுப்பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

பிரம்பின் கைப்பிடி தங்கையாவின் வாயில் விழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். கீழே துப்பியதில் ஒரு பல் இருந்தது. சேகரன் ராஜம்மாவை இடுப்பில் உதைத்தார். அவள் மணலின்மேல் விழுந்து, எழ முயன்று, மறுபடியும் உதைபட்டாள்.

பிறகு மேசையையும் நாற்காலியையும் கொண்டுவரச் சொன்னார்கள். அப்புசாமி தாள் கொண்டுவந்தார். மைக்கூட்டைத் திறந்து தங்கையாவின் பக்கம் தள்ளிவைத்தார்.

“எழுதுங்க,” என்றார் சேகரன். “இருளாண்டி பேருல வாங்குன அரிசிய ராஜம்மா காட்டுக்காரங்களுக்குக் கொடுத்தா. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டா நீங்க சொன்ன பொய்ய நான் மறந்துடறேன். லாரியில ஏறி வீட்டுக்குப் போகலாம். கிளேபாங் கடலோரந்தானே ஒங்க வீடு? நல்ல கடக்காத்து.”

தங்கையா பேனாவை எடுத்தார். அந்தத் தாளில் வழக்கமான பகுதிகள் இருந்தன: வந்தது, வழங்கியது, இழப்பு, இருப்பு. ‘வழங்கியது’ என்ற பகுதியில் ராஜம்மாவின் பெயரை எழுதினால் போதும். அவர் பேனாவை ஒரு பகுதி தள்ளிவைத்தார். இழப்பு என்பதன் கீழ் எடையை எழுதி, எதிரே, ‘ஆயுதம் காட்டியும், தம்பியைக் கொல்வதாக மிரட்டியும் இருளாண்டியின் விதவையிடமிருந்து பறிக்கப்பட்டது’ என்று எழுதினார். அடியில் மற்றொரு வரி: ‘இதற்குமுன் சட்டியில் அரிசி சரியாக இருந்ததென நான் சொன்னது பொய். அந்தப் பொய்யால் ஸ்டோர்க்காரர் மருதமுத்துவின் கை நொறுக்கப்பட்டது.’ கையெழுத்திட்டார்.

சேகரன் படித்தார். “நான் சொன்னது இது இல்லலா.”

“விரும்பிக் கொடுத்தாத்தான் வழங்கல்.” வீங்கிய வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. “கொள்ள போனத எந்தக் கணக்குலயும் வழங்குனதுன்னு எழுதறதில்ல.”

சேகரன் தாளைக் கிழித்தார். ஒரு காவலர் தங்கையாவின் விலாவில் துப்பாக்கிக் கட்டையால் குத்தினார். நாற்காலியோடு சாய்ந்தவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். புதிய தாள் வந்தது. தங்கையா அதையே எழுதினார். எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது, சொற்கள் மாறவில்லை. அதுவும் கிழிந்தது. இம்முறை அவர் விழுந்த இடத்திலேயே உதைத்தார்கள். ஏதோ ஒன்று உள்ளே முறிந்ததை அவரே கேட்டார்.

“கிராணியாரே, நீங்க எழுதுங்க,” என்றார் சேகரன். “சாட்சியா நீங்க போடுங்க கையெழுத்த.”

அப்புசாமி தரையில் கிடந்த பல்லைப் பார்த்தார். பிறகு மருதமுத்துவைப் பார்த்தார். “எனக்குக் கண்ணாடி ஒடஞ்சிபோச்சு சார்,” என்றார். கண்ணாடி அவருடைய மூக்கின்மேலேயே இருந்தது. அவரை அறைந்தார்கள், அறையில் கண்ணாடி உண்மையாகவே உடைந்தது.

மூன்றாவது தாளில் தங்கையாவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. அவர் சொட்டுகளுக்கு இடையே இடம் பார்த்து எழுதினார். அதே எண், அதே பகுதி, அதே இரண்டு வரிகள். கம்பெனியும் மாவட்ட அலுவலகமும் அன்று மாலைக்குள் கேட்டிருந்த தாளில் கணக்காய்வாளரின் கையெழுத்து இருக்கவேண்டும், வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, இருட்டியபின் அந்தச் சாலையில் போலீஸ் லாரி போவதில்லை. சேகரன் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டு நின்றார். கிழிக்கவில்லை. ஈரம் காய்வதற்காக அதை இருமுறை காற்றில் ஆட்டி, மடித்து, பையில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேரையும் ஏத்துங்க,” என்றார். பிறகு ஒரு காவலரிடம் தண்ணீர் கேட்டு, பூட்ஸை நன்றாகக் கழுவிக்கொண்டார்.

லாரியின் பின்புறத்தில் இரும்புத் தகட்டுக்குச் சாய்ந்தபடி தங்கையாவை உட்காரவைத்தார்கள். எதிரே ராஜம்மா. அவளுடைய கைகளை முன்னால் கட்டியிருந்தார்கள். அலுவலகப் படியில் மருதமுத்துவின் கையைச் சுற்றி யாரோ சேலைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி நகர்ந்து அந்தக் காட்சி மறையும்வரை அவள் அதையே பார்த்தாள்.

“மொதல்லயே இத எழுதியிருந்தா தம்பி கை இருந்திருக்கும்,” என்றாள்.

“ஆமா.”

“எனக்காகத்தான் சொன்னீங்க. தெரியுது. ஆனா கை போச்சே.”

“போச்சு.”

லாரி குழியில் விழுந்து எழுந்தது. தங்கையா விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார்.

“அங்க போனதும் கேப்பாங்க,” என்றார். “அரிசியக் கொடுத்தியான்னு கேப்பாங்க. போட்டேன், கொடுத்தேன்னு சொல்லாதீங்க. துப்பாக்கி காட்டிப் பறிச்சாங்கன்னு சொல்லுங்க. எத்தன தடவ கேட்டாலும் அதையே சொல்லுங்க. தாளுல அப்படித்தான் இருக்கு.”

“அடிப்பாங்களே.”

“அடிப்பாங்க.”

“சொன்னா விட்டுருவாங்களா?”

“தெரியாது. தூக்கு வராதுன்னு நெனைக்கிறேன். உள்ள வெப்பாங்க. எத்தன வருசம்னு சொல்லமுடியாது.”

ராஜம்மா கட்டிய கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த மணல் உதிர்ந்தது.

“பறிச்சாங்கங்கறது நெசந்தானே?”

“நெசந்தான்.”

“அப்பச் சொல்லலாம்,” என்றாள்.